குழல் தேய்மானம்

கடைசிக் குண்டும் இலக்குத் தாளின் ஓரத்தில்தான் பட்டது. பேரின்பநாயகம் றைபிளை மேசையில் வைத்துவிட்டு மனைவி மனோகரியை முறைத்தார். அந்தக் குறிசூட்டுக் கழகத்தில் எல்லோருடைய றைபிள்களையும் பழுதுபார்ப்பவள் அவள்தான்.

"குழல் தேஞ்சுபோச்சு. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?" என்றார்.

"சூடுதான் குழலைத் தின்னுறது. ஆறவிடாமல் அடுத்தடுத்துச் சுட்டால் வெடிமருந்தின்ரை நெருப்பு உள்வாயை அரிச்சுப்போடும்."

"அப்ப பூச்சுப் பூசின குண்டாவது வாங்கித் தாரும்."

"பூச்சு உரசலைக் கொஞ்சம் குறைக்கும். நெருப்பை மறிக்காது."

"வாற ஞாயிறு போட்டி. குழலை மாத்தித் தாரும் எண்டால் எனக்குப் பாடம் எடுக்கிறீர்." அவர் குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனோகரி அதே றைபிளை எடுத்துக் குறிபார்த்துச் சுட்டாள். மூன்று குண்டுகளும் நடுவட்டத்தில் ஒட்டி ஒட்டி விழுந்தன.



"போன கிழமையே மாத்திப்போட்டன்," என்றாள் அவள் மெதுவாக. "நீங்கள் இண்டைக்குச் சுட்டது புதுக் குழலாலை."

அவர் வலது கண்ணைக் கசக்கினார். இலக்கு இப்போதும் மங்கலாகத்தான் தெரிந்தது. மாதக்கணக்காக அந்த மங்கலைத் தனக்குத்தானே மறைத்து, பழியைக் குழலின் மேல் போட்டிருந்தார்.

"போட்டி கிடக்கட்டும்," என்றாள் மனோகரி. "நாளைக்குக் காலமை இல்-பிசார் தீவுப் பிள்ளையள் நீங்கள் ஓட்டுற பள்ளிக்கூட பஸ்ஸிலை ஏறப்போகுதுகள்."

 அவர் போனை எடுத்து, பஸ் கொம்பனிக்குத் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் சொன்னார்: நாளைக்கு வேறு சாரதியைப் போடுங்கள், எனக்குக் கண் தெரியவில்லை.