வாசலில் சொன்னது

அம்பிட்டிய ஆலோசனை நிலையத்தின் மேல்மாடியில் பின்னேர வெயில் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. அஞ்சலா ஜன்னல் சீலையை இழுத்துவிடுகிறாள், எழுத்துகள் தெளிகின்றன. தற்கொலைத் தடுப்பு மாநாட்டில் பேசுவதற்கு இடம் கேட்டு ஆலோசகர் சாந்தகுமார் சேர் அனுப்பப்போகும் முன்மொழிவு அது. எழுத்துப்பிழை பார்க்கத்தான் அவளைக் கூப்பிட்டார். மூன்றாம் பந்தியில் அவள் விரல் நின்றுவிடுகிறது. ‘அன்று காலை என் தம்பி வாசலில் நின்று, போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்று மட்டும்தான் சொன்னான். எனக்கு அது உறைக்கவில்லை.’ சேருக்குத் தம்பியே கிடையாது. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றவன் அவளுடைய தம்பி. ஊருக்கெல்லாம் நெஞ்சுவலி என்று சொல்லி அடக்கம் செய்தவனைப் பற்றி அவள் வாய்திறந்தது இந்த ஒரு மனிதரிடம்தான், இதே கதிரையில் உட்கார்ந்து.

"இது எங்க தம்பி, சேர்."

"அதனாலதான் மிஸ், என் தம்பின்னு போட்டேன். வெளிய தெரியக்கூடாதுன்னு நீங்கதானே அழுதீங்க?" பிளேன்டீயை ஊதிக்கொண்டே இதமாகத்தான் சொல்கிறார். பெரிய உபகாரம் செய்துவிட்ட முகம். கீழே பஸ் ஒன்று ஏற்றத்தில் முனகிக்கொண்டு போகிறது. "அவன் சொன்னத முழுசா சொல்லுங்க, அப்படியே போட்டுருவோம்."

அவள் வாய் தன்னால் திறக்கிறது. "போறேன் அக்கா."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து அவர் நிதானமாகத் தட்டுகிறார். அவளுடைய தம்பி அவள் கண்முன்னே திரையில் சொல்கிறான்: ‘போறேன் அண்ணா.’