கொஞ்சம் பழக்கம்

அன்றைக்கு மேசையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஜும்பேர், அவர் மனைவி சியுரி, தம்பி வஜா, வஜாவின் மனைவி எத்தேரி, ஜும்பேரின் மகள் மாக்வாலா, மருமகன் லேவான், சம்பந்தி நோதார், அவர் மனைவி, பாதிரியார், பக்கத்து வீட்டு லமாரா. மொத்தம் பத்துப் பேர். தொட்டிலில் கிடந்த பேரனை லமாரா கணக்கில் சேர்க்கவில்லை. ஞானஸ்நான விருந்தே அவனுக்குத்தான். ஆனாலும் அவன் இன்னும் ஒயின் குடிக்க ஆரம்பிக்கவில்லை.

நோதாரின் தாயார் வரவில்லை. முழங்கால் வலி என்றார்கள்.

உட்காருவதற்கு முன்பே தகராறு.

"அண்ணி, அண்ணனை உள் அறையில படுக்க வையுங்க. சாப்பாட்டை நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றான் வஜா.

"ஏன், அவருக்கு என்ன காய்ச்சலா?"

"காலையில என்னைக் கோழி வியாபாரின்னு நெனச்சு விலை கேட்டாரு!"

"நீ என்ன சொன்னே?"

"நான் கோழி விக்கறவன் இல்லேன்னு சொன்னேன்."

"ஒரு விலையைச் சொல்லியிருந்தா விஷயம் அதோட முடிஞ்சிருக்கும்."

நோதார் தொண்டையைக் கனைத்தார். "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கணும் சம்பந்தியம்மா. நாலு பேருக்கு நடுவுல எதுக்கு?"

"இந்த ஊர்ல யார் வீட்டு விருந்துன்னாலும் தமதாவா நின்னு நடத்தறது அவர்தான். முதல் கோப்பையை அவர் தூக்கினாத்தான் மத்தவன் குடிப்பான். சொந்தப் பேரன் விருந்துக்கு மட்டும் வேற ஆளைத் தேடணுமா?"

சியுரி கணவரைக் கைபிடித்து அழைத்து வந்து மேசையின் தலைப்பக்கம் உட்கார வைத்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

இந்த வயதில் இவளுக்கு என்ன வீம்பு என்று நினைத்துக்கொண்டாள் லமாரா. பாவம், அந்த மனுஷனைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக்குகிறாளே!

ஜும்பேர் எழுந்து உலக அமைதிக்காகக் கோப்பையைத் தூக்கினார். பழைய கணீர்க் குரல் அப்படியே இருந்தது. எல்லோரும் குடித்தார்கள். உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து, அமைதிக்காகவே இன்னொரு தடவை தூக்கினார். எல்லோரும் மறுபடி குடித்தார்கள். பாதிரியார் அதில் ஒரு குறையும் காணவில்லை.

அடுத்தது குழந்தைக்கு. அதற்கடுத்து, போய்ச் சேர்ந்தவர்களுக்கு. அந்த முறையில் மட்டும் கோப்பையோடு கோப்பை மோதக் கூடாது. ரொட்டியை ஒயினில் தொட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

"என் அப்பாவுக்கு, என் அம்மாவுக்கு..." என்றார் ஜும்பேர். கொஞ்சம் நிறுத்தினார். "என் பெண்டாட்டி சியுரிக்கு."

நோதாரின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"குழந்தை விருந்துல, உயிரோட இருக்கறவளுக்கா?" என்றாள் எத்தேரி.

வஜா பாய்ந்து அண்ணன் கையிலிருந்த கோப்பையைப் பிடித்தான். "இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கிட்டேன்!"

"கையை எடு வஜா."

சியுரி அதட்டவில்லை. ஆனால் வஜா கையை எடுத்துவிட்டான்.

"நீங்க சொல்லுங்க. எப்படிப்பட்டவ அந்த சியுரி?"

ஜும்பேர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை.

"நல்லவம்மா. கல்யாணமாகி வந்த வருஷம் திராட்சை அறுவடையில எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. என் கூடையையும் சேர்த்து அவதான் சுமந்தா. ஊர் சிரிக்குமேன்னு யார்கிட்டயும் சொல்லல. ஊர்ல இருக்கறவன் போறவனுக்கெல்லாம் கோப்பை தூக்கினேன். இருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு தடவை தூக்கல." அவர் குரல் இறங்கியது. "நீங்க அவளைப் பார்த்திருக்கீங்களா?"

"கொஞ்சம் பழக்கம்" என்றாள் சியுரி.

ரொட்டியை எடுத்தாள், ஒயினில் தொட்டாள், கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன பார்க்கறீங்க? நான் செத்தப்புறம் யாரோ வந்து பேசறதை நானா கேக்கப்போறேன்? குடிக்கறவங்க குடிங்க. வெக்கமா இருக்கறவங்களுக்கு வாசல் திறந்துதான் இருக்கு. என் வீட்டுக்காரர் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டார்."

வஜா எழுந்தான். எத்தேரியும் பின்னாலேயே போனாள். கேட் படாரென்று சாத்திக்கொண்டது.

நோதாரும் எழுந்தார். பையிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"அப்பா..." என்று எழுந்தான் லேவான். அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாக்வாலாவுக்குக் கண் கலங்கியது.

"போறவங்க போகட்டும். சூப் ஆறுது" என்றாள் சியுரி.

சூப் முடிந்து கறி வந்தபோது கார் திரும்பி வந்தது.

நோதார் உள்ளே வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா. காலில் வீட்டுச் செருப்பு. கோட்டுப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். முழங்காலில் வலி இருப்பதாகத் தெரியவில்லை, நன்றாகவே நடந்தார்.

நோதாரின் இன்னொரு கையில் அதே சாவி. கார்ச் சாவி இல்லை, பழைய கதவுச் சாவி.

"அம்மாவை வீட்டுல பூட்டி வெச்சுட்டு வந்துட்டேன் சம்பந்தியம்மா" என்றார்.

அந்த அம்மா மேசையைப் பார்த்தார். "இது யார் கல்யாணம்?"

ஜும்பேர் எழுந்து நின்றார். "யார் கல்யாணமா இருந்தா என்ன? உக்காருங்கம்மா. உங்களுக்காகத்தான் அடுத்த கோப்பையைத் தூக்காம வெச்சிருக்கேன்."

சியுரி அந்த அம்மாவை எத்தேரியின் நாற்காலியில் உட்கார வைத்து, பொத்தான்களைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

லமாரா மறுபடி எண்ணினாள். இப்போது ஒன்பது பேர். வஜாவின் நாற்காலியை உள்ளே எடுத்து வைக்கப் போனாள்.

"அதை அங்கேயே விடு லமாரா. வஜாவுக்கும் வயசாகும்" என்றாள் சியுரி.

மிச்சம், ஒரு நாற்காலி.