ரோஸ் முடிக்காரி

டிவியில் சத்தம் இல்லை. பொம்மைப் படத்துப் பெண்கள் மூன்று பேரும் வாயை வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

ராக்கையா கண்ணைக் கசக்கிவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்தார். சாய்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று பட்டதும் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ராத்திரி முழுக்க லாரியிலிருந்து துணி ரோல் இறக்கிய உடம்பு. விடிந்ததும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவரை, சூப்பர்வைசர் கருப்புசாமி கேட்டிலேயே மறித்துக்கொண்டார்.

கம்பெனியைச் சோதிக்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். தையல்காரர்களுக்குத் துணியை மடித்து எடுத்துக் கொடுக்கும் சின்னப் பிள்ளைகள் அவர்கள் கண்ணில் பட்டால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் இந்த மண்ணரை ஊரில் எத்தனையோ லைன் வீடுகளில் உலை கொதிக்காது. அதனால் பின்சந்தில் இருக்கும் முதலாளியின் பழைய வீட்டில், ஜன்னலெல்லாம் சாத்தி, பிள்ளைகளை உட்கார வைத்தாயிற்று. ராக்கையா காவல்.

"டிவியப் போட்டு உட்டுட்டீங்கன்னா கோழிக்குஞ்சாட்ட அடங்கிக் கெடக்கும்ங்ணா. சத்தத்த மட்டும் அமுத்திருங்க," என்ற கருப்புசாமி போகிற போக்கில் சிரித்தார். "உங்குளுக்கும் வேலைக்கு வேலையும் ஆச்சு, ரெஸ்ட்டுக்கு ரெஸ்ட்டும் ஆச்சு."

ரெஸ்ட்டுக்கு வழியில்லாமல் செய்தவள் அவர் மகள் ஒச்சாயி.

மிஷின் பக்கம் போகிற வரிசையில் நின்றவள், ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, பதினோரு மணிக்குக் கடைசிப் போட்டி. அந்த ரோஸ் முடிக்காரி தாவுறாளா, விழுறாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுப்பா. தூங்கிராத."

அந்தக் கதை அவருக்கும் அரைகுறையாகத் தெரியும். வேலை இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துவிட்டு வந்து, சோற்றில் கையை வைத்துக்கொண்டு ஒச்சாயி சொல்லிக்கொண்டே இருப்பாள். ஜப்பான் பிள்ளைகள். பாடுவார்கள், ஆடுவார்கள், அதையும் ஐஸ் தரையில் சறுக்கிக்கொண்டே செய்வார்கள். ஊரே திரண்டு கைதட்டும். ரோஸ் முடிக்காரிக்கு மட்டும் அந்தரத்தில் சுற்றித் தாவுகிற இடம் வந்தால் கால் வழுக்கிவிடும்.

ஐஸ் என்றால் ராக்கையாவுக்குத் தெரிந்தது மீன் கடையில் உடைத்துக் கொட்டுவதுதான். செருப்புக்கு அடியில் கத்தியைக் கட்டிக்கொண்டு அதில் ஏறினால் விழாமல் என்ன செய்வாள்? இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்கே போனார்கள்?

கண் சொக்கியது. எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவினார். மறுபடி சொக்கியது. பனியனைக் கழற்றி நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

பதினோரு மணிக்கு ரோஸ் முடிக்காரி வந்தாள். சத்தம் இல்லாததால் பிள்ளைகளே அவளுக்குக் குரல் கொடுத்தன.

"பயமா இருக்குதுங்கறா."

"அட, பசிக்குதுங்கறா புள்ள."

ராக்கையா சிரிப்பை அடக்கிக்கொண்டு உதட்டில் விரல் வைத்தார்.

அவள் வெள்ளைத் தரையில் கோடு இழுத்த மாதிரி வந்தாள். வேகம் எடுத்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ராக்கையாவுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. அவருடைய முட்டியும் தானாக மடங்கியது.

தாவினாள்.

கரண்ட் போய்விட்டது.

"ஏஏஏய்!" என்று பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்திவிட்டன. ராக்கையா பாய்ந்து போய்க் கதவில் காதை வைத்தார். சந்தில் யாரும் வரவில்லை. கம்பெனி ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. இனி இந்தச் சத்தம் அங்கே கேட்காது.

போன கரண்ட் இப்போதைக்கு வராது என்று எல்லோருக்கும் தெரியும். விழுந்திருப்பாள் என்று பாதிப் பேரும், இந்தத் தடவை விழமாட்டாள் என்று பாதிப் பேரும் இருட்டில் சண்டை போட்டார்கள். ஒச்சாயியிடம் என்ன சொல்வது என்று ராக்கையா வாய்விட்டே கேட்டுக்கொண்டார்.

"தாவிட்டான்னே சொல்லீருங்க மாமா," என்றாள் அருகில் இருந்த கவிப்பிரியா. "பாவம் ஒச்சாயி. போன தடவ எங்ககூடத்தான் இங்க உக்காந்திருந்தா. இன்னைக்குக் காலைல எல்லாத்தையும் செவுத்தோரமா நிக்க வெச்சு வளத்தி பாத்தாங்கல்ல, அவ ஒசந்து போயிட்டா, பெரியவுங்ககூட மிஷினுக்கு அனுப்பிட்டாங்க. ஏனுங்க மாமா, அவ என்னையக் காட்டியும் சின்னவதானுங்க?"

ராக்கையா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் சோதிக்க வந்தவர்களின் கார்கள் கிளம்பின. பிள்ளைகளைத் திறந்துவிட்டுச் சந்து முனையில் நின்றார். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு கோப்பை கொடுத்தார்கள் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். ரோஸ் முடிக்காரி அழுதாள் என்று சொல்லலாம். சந்தோஷத்தில்தான்.

ஒச்சாயி வந்தாள்.

யாருடைய சேலையோ. தடுக்காமல் இருக்க ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. சட்டென்று பார்த்தால் அவள் அம்மா வருகிற மாதிரி இருந்தது.

"சோதிக்க வந்த அந்தம்மா நேரா எங்கிட்டதான்ப்பா வந்து வயசக் கேட்டுச்சு. பதினெட்டுன்னேன். தலையாட்டிட்டுப் போயிருச்சு."

வேலை முடிந்து வரும் பெரியவர்கள் இடுப்பு வலிக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

ராக்கையா அவசரமாக ஆரம்பித்தார். "ஒச்சு, தாவிட்டாத்தா. விழவே இல்ல. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாய்ங்க."

ஒச்சாயி அவர் முகத்தைப் பார்த்தாள். நழுவிய தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாருப்பா?"