கெட்சப்பு

ஹாட் டாக் மேல் கெட்சப் ஊற்றிக்கொள்கிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை.

சிகாகோவில் ஹாட் டாக் எங்கே சாப்பிடலாம் என்று எந்த டாக்சிக்காரரைக் கேட்டாலும் நாலு கடை சொல்வார். அந்த நாலில் ஆர்ச்சர் சாலையில் இருக்கும் கோஸ்டா கடையும் ஒன்று. நான்தான் கோஸ்டா. கசகசா தூவிய நீள பன், நடுவில் இறைச்சிச் சாசேஜ், மேலே கடுகு சாஸ், வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஊறுகாய், குட்டி மிளகாய், கடைசியில் ஒரு சிட்டிகை செலரி உப்பு. அப்பா இப்படித்தான் போட்டார், நானும் இப்படித்தான் போடுகிறேன். கெட்சப் பாட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். அது சின்னக் குழந்தைகளுக்கு; சிகாகோவில் வளர்ந்த ஆள் எவனும் ஹாட் டாக்கில் அதைத் தொடமாட்டான்.

அதை இருபத்தெட்டு வருஷம் காலி செய்தவன் டெர்மட்.

எதிரே இருக்கும் பஸ் டெப்போவுக்கு மாற்றலாகி வந்த மெக்கானிக். வந்த முதல் நாள் மதியமே, டெப்போ ஆட்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்க, கொஞ்சமும் வெட்கமில்லாமல் சத்தமாகக் கேட்டான்.

“ரெண்டு குடு, இவனுக்கும் சேத்து. ரெண்டுலயும் கெட்சப்.”

கடையே திரும்பிப் பார்த்தது.

“யாருய்யா நீ? சிகாகோதானா, இல்ல வழி தவறி வந்துட்டியா?” என்றேன்.

“இங்கதான் பொறந்தேன். ஊருக்கு மேற்கால.”

“அப்ப உங்க வீட்ல உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியா?”

எல்லாரும் சிரித்தார்கள். டெர்மட்டும் சேர்ந்து சிரித்தான். அவன் பக்கத்தில், பிலிப்பைன்ஸிலிருந்து வந்து அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நெஸ்டர், சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றான். எனக்கு அவன்மேல்தான் பரிதாபம். ஊர் தெரியாமல் வந்தவனுக்கு வந்ததுமே கெட்ட பழக்கம் கற்றுக்கொடுக்கிறானே படுபாவி!

அதற்கப்புறம் தினமும் மதியம் இதே கூத்துதான்.

“வாய்யா கெட்சப்பு! பால் புட்டி கொண்டு வந்திருக்கியா?”

“மறந்துட்டேன். உன்னுதைக் குடு.”

டெப்போவிலும் அவன் பெயரே கெட்சப்பு ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற அன்று வெட்டிய கேக்கில்கூட அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

ஒருநாள் நெஸ்டர் மெதுவாக, “அண்ணே, எனக்கும் கெட்சப் பிடிக்கும்” என்றான்.

“நீ சும்மா இருப்பா. அது இவன் பழக்கிவிட்ட நாக்கு.”

நெஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டெர்மட் முந்திக்கொண்டான்.

“சாப்பிடுடா, ஆறிடும்.”

பாவம், அவனைப் பேசக்கூட விடமாட்டான்.

கடைக்கு ஐம்பது வயதானபோது பழைய வாடிக்கையாளர் படங்களைச் சுவரில் மாட்டினேன். நெஸ்டர் படம் உண்டு. டெர்மட்டுக்கு மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் கெட்சப் பாட்டில் படம். அதைப் பார்த்து அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

என்ன நாட்கள் அவை! பனிக்காலத்தில் இருபது பேர் உள்ளே நெருக்கியடித்து நிற்பார்கள். ஈரக் கோட்டு வாடையும் எஞ்சின் ஆயில் வாடையும் வெங்காய வாடையும் கலந்து அடிக்கும். இப்போது டெப்போவில் பாதி ஷெட் பூட்டிக் கிடக்கிறது. பழைய ஆட்களில் ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தவர்கள் டெர்மட்டும் நெஸ்டரும் மட்டும்தான்.

போன செவ்வாய் டெர்மட் தனியாக வந்தான்.

“எங்கய்யா உன் சிஷ்யன்?”

“ஊருக்கே போயிட்டான். மகளோட இருக்கப் போறான், இனிமே வரமாட்டான். நேத்துதான் ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தேன்.” டெப்போ பக்கம் பார்த்தான். “கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ‘நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாக்குடா’ன்னு சொன்னான்.”

“ஒரே கெட்ட நாக்கு” என்றேன். எனக்கும் வருத்தம்தான். திட்டினால்தான் அது தெரியாமல் இருக்கும். பழக்கத்தில் கை கெட்சப் பாட்டிலை எடுத்துவிட்டது.

“அது வேணாம். கடுகு போடு. எல்லாரும் சாப்பிடற மாதிரி.”

“என்னய்யா, அறுபத்தஞ்சு வயசுல புத்தி வந்துடுச்சா?”

வாங்கிப்போய் ஜன்னலோரம் நின்று ஒரு வாய் கடித்தான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான். தாளில் உதிர்ந்த கசகசாவைக்கூட விரலால் ஒற்றி எடுத்துத் தின்றான்.

“இப்படிச் சாப்பிட்டு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. அந்தக் கெட்சப் இனிப்பு எனக்குக் குமட்டும், கோஸ்டா. அவனுக்கே அது தெரியாது.”

“அப்புறம் எதுக்குய்யா தின்னே?”

வாயைத் துடைத்துக்கொண்டான்.

“டெப்போவே உன் கடையிலதான் சாப்பிடும். அவன் மட்டும் தனியா எங்க போவான்? இந்த ஊருக்கு வந்து மூணு வாரம்தான் ஆகியிருந்தது, கெட்சப் இல்லாம எறங்காதுன்னு அன்னிக்குக் காலையிலயே என்கிட்ட சொன்னான். உன் வாயைப் பத்தி ஊருக்கே தெரியும். ரெண்டு பேர் கேட்டா, நீ உள்ளூர்க்காரனைத்தான் திட்டுவேன்னு எனக்குத் தெரியும்.”