பெட்டிக்குப் பின்னால்

கேமராவின் துருத்திக்குள் பல்பை விட்டு எரியவைத்தாள். கதவும் ஜன்னலும் அடைத்திருந்தன.

கறுப்பு மடிப்பின் ஒரு மூலையில் ஊசிமுனை அளவு வெளிச்சம்.

பசை தொட்டு அடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

இருட்டு. நல்ல இருட்டு.

ஜன்னலைத் திறந்தாள். கேமரா மேசைமேல் நின்றது. முன்னே ஒரு பலகை, பின்னே ஒரு பலகை, நடுவே குடைத்துணியில் மடித்த துருத்தி. மரம் அவளுடைய டிரெஸ்ஸிங் டேபிளை அறுத்தது.

கல்யாணச் சீரில் வந்த தேக்கு. ஆபரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பிய அன்று அதில் கண்ணாடி இல்லை. கணவன் கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தான்.

நல்ல எண்ணத்தில்தான்.

இடது மார்பை எடுத்திருந்தார்கள். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் மதினி, அவனுடைய அக்கா, ஒரு பக்கம் பஞ்சு வைத்த ஜாக்கெட் தைத்துக் கொண்டுவந்தாள். அதுவும் நல்ல எண்ணத்தில். அவள் கீமோ ஊசி போட மதுரைக்குப் போகும்போதெல்லாம் அவன் கூடவே வந்தான். கஞ்சி வைத்தான். வாந்தி வாளியைக் கழுவினான்.

அவள் புடவை மாற்றும்போது மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஒரு வருஷமாக.

ஆசாரியிடம் போனாள். டேபிளுக்குப் புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றார் அவர். ரம்பத்தை மட்டும் இரவல் வாங்கி வந்தாள்.

இடது தோள் இன்னும் முழுதாக எழவில்லை. மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்தாள்.

மதினி வாசலில் நின்றாள். மரத்தூளைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"என்னத்தா, புறாக்கூடா?"

"கேமரா, மதினி."

"ஏன், செல்லு ரிப்பேரா?"

செல்லில் தன்னைத் தானே எடுத்துக்கொள்ளலாம். கையை நீட்டினால் போதும்.

இதில் முடியாது. இதற்குப் பின்னால் ஒருவர் நின்றாக வேண்டும். போர்வைக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் விழும் உருவம் தெளியும்வரை பார்த்தாக வேண்டும்.

மதினியிடம் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் அவன் வந்து பார்த்தான். நல்ல தேக்காச்சே என்றான். அதோடு சரி. மரத்தூளை அவனே கூட்டி அள்ளினான்.

லென்ஸ், பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. சிவகாசி அச்சகங்களில் ஒரு காலத்தில் அறை நிறைய நின்ற கேமராக்கள், கம்ப்யூட்டர் வந்தபின் எடைக்குப் போனவை; அவற்றில் ஒன்றின் லென்ஸ். ஃபிலிம், அவள் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் மிச்சம் கிடந்தது. டாக்டரிடம் கேட்டு வாங்கினாள். ஊரார் நெஞ்சுக்கூட்டையெல்லாம் அதில் எடுத்தவள்.

கேமராவின் பின்பக்கக் கண்ணாடியைத் தானே தேய்த்து மங்கலாக்கினாள். மங்கல் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். முதல் தடவை மாற்றி மாட்டிவிட்டாள். கழற்றினாள். திருப்பி மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

கதவைத் தாழிட்டாள்.

அவனுக்குக் காலண்டர் அச்சகத்தில் வேலை. அச்சான தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவன். லட்சுமியின் மூக்குத்தியில் சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவான்.

"உங்க பூதக்கண்ணாடிய எடுத்துட்டு வாங்க," என்றாள்.

எடுத்து வந்தான்.

அவள் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் இல்லை. முந்தானை இடுப்பில் கிடந்தது.

அவன் சுவரைப் பார்த்தான்.

"செவுத்துல ஒண்ணும் இல்லங்க. போர்வைக்குள்ள போங்க."

"யாருக்குக் காட்டப் போற இத?"

"யாருக்கும் இல்ல. நீங்க எடுக்கணும்."

யாராவது வந்துவிடுவார்கள் என்றான். மேகம் போடுகிறது, வெளிச்சம் பத்தாது என்றான். தனக்கு இதெல்லாம் தெரியாது என்றான்.

அவள் எழவில்லை.

அவன் கறுப்புப் போர்வைக்குள் தலையை நுழைத்தான்.

"தலகீழாத் தெரியுது."

"அப்படித்தான் தெரியும். பாருங்க."

முன்பலகை மெல்ல நகர்ந்தது. நின்றது. கொஞ்சம் பின்னால் போனது. கண்ணாடியில் பூதக்கண்ணாடி தட்டும் ஓசை.

தெருவில் தாள்கட்டு ஏற்றிய ட்ரைசைக்கிள் போனது.

அவள் முதுகை நிமிர்த்தினாள். முகத்தை உயர்த்தினாள். லென்ஸையே பார்த்தாள். இமைக்கவில்லை.

இத்தனை மாதம் இதற்குத்தான் அறுத்தாள், இழைத்தாள், ஒட்டினாள். இனி அவன் பார்க்காமல் தீராது.

போர்வை அசையவில்லை.

நேரமாயிற்று.

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. அச்சு சரியாக விழாதபோது மெஷின்காரரிடம் பேசும் குரல்.

"கைய எடு. மறைக்குது."

அவள் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வலது கை இடது நெஞ்சின்மேல் விரிந்து கிடந்தது.

எப்போது போனதென்று தெரியவில்லை.

எடுத்தாள். எங்கே வைப்பதென்று புரியாமல் சற்று அந்தரத்தில் வைத்திருந்தாள். மடியில் வைத்தாள்.

ஜன்னல் வெயில் தழும்பின்மேல் நேராக விழுந்தது.

"ஃபிலிமப் போடுங்க," என்றாள்.

அவன் இன்னும் போர்வைக்குள்ளேயே இருந்தான்.