மாடித் துணி

சௌராஷ்டிர மொழிக்கென்றே எங்கள் ஊரில் ஒரு டிவி சேனல் தொடங்கினார்கள். முதல் நாள் சேதி வாசிக்க அடுத்த வீட்டு லீலாபாயையா பிடித்தார்கள் என்று எனக்குச் சிரிப்பு. கட்டிய புருஷனிடமே மூன்று வருஷமாக வாய் திறக்காதவள். அந்த வீட்டில் அந்தப் பாஷை பேச மிச்சமிருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான். உறைமோர் கேட்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்தேன். அவள் புருஷன் மோதிலால் அண்ணன் தேய்த்த சட்டை போட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அவள் கைகூப்பியதும் இவர் கையும் பாதி உயர்ந்தது; என்னைக் கண்டதும் மீசைக்குப் போனது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் ராணி மாதிரி வாசித்தாள். நடுவில் தாளிலிருந்து தலையைத் தூக்கி ஏதோ சொன்னாள்.

“என்னண்ணே சொல்லுது மதினி?”

“மழை வருதாம். மாடில கெடக்குற துணிய எடுக்கணுமாம்.”

“வெயிலு இந்தப் போடு போடுது. மழையாம்ல.”

“சொல்லியாச்சுல்ல, நீ சும்மா இரு.”

வேட்டியை மடித்துக் கட்டி ஏறியவர், பாதிப் படியில் திரும்பி டிவியைப் பார்த்து அவர்கள் பாஷையில் நீளமாக ஏதோ பதில் சொன்னார். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அவர் முடிக்கிறவரை லீலாபாய் திரையில் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த சேதிக்குப் போனாள்.