ஒரே பெயர்

"இன்னா சார், ரிசல்ட்டை இன்னொரு தபா பாக்கக்கூட மாட்டீங்களா?"

நாவலூர் ஐ.டி. கம்பெனியின் வரவேற்பறையில் பிரிசில்லாவின் குரல் உயர்ந்தது. படாளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த வியர்வை இன்னும் காயவில்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி ஜானகிராமன் அலுத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் திருத்தின பேப்பரும்மா. பிரிசில்லா, முப்பத்தொரு மார்க். தேறல. அவ்வளவுதான்."

"எங்க ஊர்லேர்ந்து ரெண்டு பிரிசில்லா எழுதினோம் சார். ரெண்டு பேருக்கும் அதே முப்பத்தொண்ணுன்னு மெயில் வந்துகீது. அது எப்டி?"

"தற்செயலா இருக்கும்."

"இல்ல சார். பைத்தான் புரோகிராம் டிக்‌ஷனரியில பேரை கீயா, அதான் அடையாளமா வச்சு மார்க்கைப் போட்டிருப்பீங்க. ஒரு கீக்கு ஒரு மார்க்தான் நிக்கும். அதே பேர்ல இன்னொண்ணு வந்தா, மொதல்ல போட்டது காலி. வேணும்னா போட்டுப் பாருங்க."

அரைமனதாக மடிக்கணினியைத் திறந்தார். பிரிசில்லா என்ற பெயருக்கு எண்பது என்று எழுதினார். அடுத்த வரியில் அதே பெயருக்கு முப்பது. நிரலை ஓட்டினார்.

திரையில் முப்பது மட்டும் இருந்தது. எண்பதைக் காணோம்.

ஜானகிராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹால் டிக்கெட் நம்பர் சொல்லும்மா."

செல்போனைப் பார்த்துச் சொன்னாள். மூல விடைத்தாளைத் தேடி எடுத்தவரின் கண்கள் விரிந்தன.

"தொண்ணூத்திரெண்டு! எழுதினவங்கள்லயே இதான்மா முதல் மார்க்!"

பிரிசில்லா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியும் சார்... எனக்கு அப்பவே தெரியும்!"

வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்பு எங்க மேலதான். இனிமே ஹால் டிக்கெட் நம்பரைத்தான் கீயா வைக்கணும்." ஜானகிராமன் எழுந்து கையை நீட்டினார். "வாழ்த்துகள் பிரிசில்லா. திங்கட்கிழமை வேலைக்கு வந்துடு."

அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

"கண்டிப்பா வந்துடுவா சார்! மெயிலைப் பாத்ததுலேர்ந்து சோறு துன்னாம வூட்ல படுத்துகினு கீறா, இப்பவே போன் போட்டு எழுப்பறேன். அந்த முப்பத்தொண்ணு என்னோடது சார்!"